எவர்கிளேட்ஸ் வடிகால்: கவிழ்த்தது கணக்கா, கஜானாவா?

மதகுக்காரன்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பை வடித்த பேச்சு வந்தாலே "சதுப்பில் கை வைத்தான், இயற்கை திருப்பி அடித்தது" என்று முடித்துவிடுகிறார்கள். நெதர்லாந்துக்காரனும்தான் கை வைத்தான். வடித்தது தப்பில்லை, வடிப்பதற்கு முன்பே விற்றதுதான் தப்பு. என் வாதம் இவ்வளவுதான்.

வரிசையாகப் பாருங்கள். 1850-ல் ஒன்றிய அரசு சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு எழுதிக் கொடுத்தது. ஃப்ளோரிடாவுக்குச் சுமார் 2 கோடி ஏக்கர். விற்று வரும் காசில் கரை போட வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1855-ல் அந்த நிலத்தைக் கவனிக்க ஒரு நிதியம் வைத்தார்கள். கவர்னரும் அமைச்சர்களும் அறங்காவலர்கள். அவர்கள் செய்த முதல் காரியம், ரயில் கம்பெனிகளின் கடன் பத்திரத்துக்கு இந்த நிலத்தைக் காட்டி ஜாமீன் நின்றது. உள்நாட்டுப் போரில் கம்பெனிகள் படுத்துவிட்டன, கடன் நிதியத்தின் தலையில் விழுந்தது. கடன்காரர் ஒருவர் நீதிமன்றத் தடை வாங்க, ரொக்கம் இல்லாமல் ஒரு ஏக்கரைக்கூடக் கைமாற்ற முடியாத நிலை.

1881-ல் கவர்னர் பிளாக்ஸம், ஃபிலடெல்ஃபியா ரம்பக் கம்பெனி முதலாளி ஹாமில்டன் டிஸ்டனிடம் 40 லட்சம் ஏக்கரை ஏக்கர் 25 சென்ட்டுக்குத் தள்ளிவிட்டார். மொத்தம் 10 லட்சம் டாலர், கடன் அடைந்தது. இது தவிர டிஸ்டனுக்கு வடிகால் ஒப்பந்தம் ஒன்று தனியாக இருந்தது: வடித்த நிலத்தில் பாதி அவருக்கு. எவ்வளவு வடிந்தது என்று காட்டுகிறாரோ அவ்வளவு சம்பளம். இந்த ஒப்பந்தத்தில் யார் அளவு எடுத்தாலும் நிலம் காய்ந்துதான் தெரியும். 1887-ல் சட்டமன்றக் குழு போய்ப் பார்த்தபோது, உண்மையில் வடிந்தது கணக்கில் சொன்னதைவிட மிகக் குறைவு.

அடுத்தது 1908. ரிச்சர்ட் போல்ஸ் என்ற நில வியாபாரிக்கு 5 லட்சம் ஏக்கர், ஏக்கர் 2 டாலர். அதை 240 டாலர் ஒப்பந்தங்களாக, மாதம் 10 டாலர் தவணையில் நாடு முழுக்க விற்றார். பெரும்பாலோர் பங்குக்கு வந்தது 10 ஏக்கர். அதாவது ஏக்கர் 24 டாலர். வாங்கியவர்கள் 1911-ல் ஃபோர்ட் லாடர்டேலில் திரண்டபோது பாதி நிலம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

நிலம் விற்றால்தான் கால்வாய்க்குக் காசு. கால்வாய் முடிந்ததாகச் சொன்னால்தான் நிலம் விற்கும். இந்தச் சுழலில் எந்த எஞ்சினியரை உட்கார வைத்தாலும் தேறாது.

சரிவு_அங்குலம்

மதகுக்காரன் சார், வரலாறு சரி, முடிவு தப்பு. கஜானா நிறைந்திருந்தாலும், கவர்னர் யோக்கியராக இருந்தாலும் இந்த வடிகால் தோற்றிருக்கும். நெதர்லாந்தைச் சொன்னீர்கள். அங்கே பம்பு உண்டு, காற்றாலைக் காலத்திலிருந்தே உண்டு. இங்கே 1906-ல் மாநிலம் தொடங்கிய கால்வாய்த் திட்டத்துக்கு ஒரே நம்பிக்கை, தண்ணீர் பள்ளத்துக்குத் தானாக ஓடும் என்பது.

எவ்வளவு பள்ளம்? சதுப்புக்கு வடக்கே உள்ள ஒக்கிசோபி ஏரியின் பழைய நீர்மட்டம் கடலுக்கு மேல் ஏறத்தாழ 20 அடி. ஃபோர்ட் லாடர்டேல் போகும் நார்த் நியூ ரிவர் கால்வாய் 60 மைலுக்குச் சற்றே குறைவு. மைலுக்கு 4 அங்குலம் வீழ்ச்சி, அதுவும் ஏரி நிரம்பியிருந்தால். தெற்கே கடல் வரைக்கும் 100 மைல். அந்தப் பக்கம் மைலுக்கு 2 அங்குலம்தான். இந்தச் சரிவில் தண்ணீர் நடக்காது, ஊரும். அடியில் புல் மண்டினால் அந்த ஊர்தலும் பாதியாகும்.

இன்னொன்று. கிழக்கே கடலோரம் சுண்ணாம்புப் பாறை மேடு. உள்ளே பீட் மண்ணில் (கோரை மக்கிச் சேர்ந்த மண்) டிரெட்ஜர் என்ற தூர்வாரும் இயந்திரம் வெண்ணெயில் கத்தி போலப் போகும். பாறை வந்ததும் நிற்கும். வெடி வைக்க வேண்டும், செலவு பல மடங்கு. அதனால் பாறைப் பகுதியில் கால்வாய் வடிவமைத்த ஆழத்துக்கு வரவில்லை. மேலே 10 அடி வெட்டிவிட்டு வாசலில் பாறை வாசப்படியை விட்டுவைத்தால், வடிவது வாசப்படி அளவுக்குத்தான்.

மதகுக்காரன்

> பாறைப் பகுதியில் கால்வாய் வடிவமைத்த ஆழத்துக்கு வரவில்லை

ஏன் வரவில்லை? காசில்லை. ஏன் காசில்லை? ஏக்கருக்கு ஒரு டாலரில் முடியும் என்று சொன்னதால். சொன்னது யார்? ஒன்றிய வேளாண் துறையின் எஞ்சினியர் ஜே.ஓ. ரைட். எட்டுப் பெரிய கால்வாய் போதும், 18.5 லட்சம் ஏக்கர் வடியும் என்று எழுதினார். மழையின் உச்சத்தைக் குறைத்துப் போட்டுக் கால்வாய்க் கொள்ளளவைக் குறைத்தார். கூட வேலை செய்த எஞ்சினியர்களே ஆட்சேபித்தார்கள். அறிக்கை முழுதாக வெளிவருவதற்கு முன்பே அதன் சாரம் நில வியாபாரிகளின் விளம்பரத்தில் அச்சாகிவிட்டது. 1910-ல் அதே ரைட், ஃப்ளோரிடா மாநிலத்தின் தலைமை வடிகால் எஞ்சினியர். 1912-ல் வாஷிங்டனில் விசாரணையே நடந்தது. இது சரிவுக் கணக்கு இல்லை சார். வேண்டிய பதிலைத் தருகிற ஆளைத் தேடிப் பிடித்த கணக்கு.

சரிவு_அங்குலம்

ரைட்டை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் ரைட் போனபிறகு நல்ல ஆளைப் போட்டார்களே, அதைச் சொல்லவில்லை நீங்கள். 1913-ல் ஐஷம் ராண்டால்ஃப் குழு வந்தது. ராண்டால்ஃப் சிகாகோ வடிகால் கால்வாயைக் கட்டிய ஆள், லேசுப்பட்டவர் இல்லை. ஏரியைக் கட்டுப்படுத்தாமல் வயலை வடிக்க முடியாது, செயின்ட் லூசி ஆறு வழியாக ஏரியிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு பெரிய போக்குக் கால்வாய் வேண்டும் என்றது அந்தக் குழு. சரியான யோசனை. 1916-ல் தொடங்கி 1920களின் நடுவில்தான் வேலைக்கு வந்தது.

ஆனால் அந்தக் குழுவின் திட்டத்திலும் ஒரு ஓட்டை: மண் இறங்கும் என்பதைக் கணக்கில் எடுத்து வடிவமைக்கவில்லை.

பெல் கிளேடில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் 1924-ல் 9 அடி கான்கிரீட் தூண் ஒன்றை அடிப்பாறை வரை இறக்கி, தலையைத் தரைமட்டத்துக்குச் சமமாக விட்டார்கள். இன்று 6 அடிக்கு மேல் வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை, தரை போய்விட்டது. நீரில் மூழ்கி இருந்தவரை கோரை மக்கிச் சேர்ந்த மண் அது. தண்ணீரை இறக்கியதும் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் மண்ணையே தின்று கரியமில வாயுவாக விடுகின்றன. கூடவே வறட்சிக் காலத்தில் தீ, காற்றரிப்பு, அழுத்தம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு. வயலில் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ அவ்வளவு வேகமாகத் தேயும். அதனால்தான் இன்று அங்கே கரும்பை முடிந்தவரை ஈர வேரோடு வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

இப்போது கால்வாயோடு சேர்த்துப் பாருங்கள். வயல் இறங்குகிறது, கால்வாயின் பாறை அடி இறங்கவில்லை. 20 ஆண்டில் வயல் ஒன்றரை அடிக்கு மேல் தாழ்ந்தால், மைலுக்கு 4 அங்குலச் சரிவில் ஐந்து மைல் சரிவு காணாமல் போகிறது. நன்றாக வடித்தால் சீக்கிரம் தோற்கும். எந்தக் கவர்னர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கடைசியில் பம்பு வைத்தார்கள். இன்று ஏரியின் தென்கரை வயல்கள் பம்பில்தான் நிற்கின்றன.

கோரைக்காடு

இரண்டு பேரும் பேசாத சின்ன விஷயம் ஒன்று. வடிந்த இடத்திலும் முதலில் விளையவில்லை. ஏரியை ஒட்டிய குறுகிய பட்டையில் கஸ்டர்ட் ஆப்பிள் மரக்காடு இருந்த கரிசல் போன்ற மண். அதில் போட்டது எல்லாம் வந்தது. விளம்பரப் படங்கள் அங்கே எடுத்தவை. அந்தப் பட்டையைத் தாண்டி லட்சக்கணக்கான ஏக்கர் கோரை பீட் மண். அங்கே போட்ட பயிர் மஞ்சளித்துச் செத்தது. காரணம் தாமிரம் இல்லாமை. பெல் கிளேடு நிலையம் 1920களின் பிற்பகுதியில் கண்டுபிடித்து மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடச் சொன்னபிறகுதான் உள்பகுதி விளைநிலம் ஆனது. போல்ஸிடம் 1911-ல் வாங்கியவன் நிலம் காய்ந்திருந்தாலும் பட்டினிதான் கிடந்திருப்பான்.

ஜல்லி_தார்

வாய்க்கால் ஆட்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரோடு பக்கம் வாங்க. ஏன்னா அங்கே மதகுக்காரன் அண்ணனோட வாதம் உடையுது.

டாமியாமி டிரெயில்: டாம்பாவிலிருந்து மயாமி, சுமார் 275 மைல். யோசனை 1915. அரசியல் இல்லாமலா? நிறைய. டேட் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வரி மதிப்பீட்டாளர் ஜேம்ஸ் ஜாடன் தன் கம்பெனி நிலம் இருந்த மன்றோ கவுண்டி வழியாக ரோட்டை வளைக்கப் பார்த்தார். பாரன் கோலியர், நியூயார்க் டிராம் விளம்பரக் கோடீஸ்வரர், தென்மேற்கில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர். "எனக்குத் தனி கவுண்டி கொடுங்க, ரோட்டை நான் முடிக்கிறேன்" என்ற கணக்கில் 1923-ல் லீ கவுண்டியை உடைத்துக் கோலியர் கவுண்டியே பிறந்தது. ரோடு கோலியர் கேட்ட வழியில் போனது. ஜாடன் பக்கம் போட்ட துண்டு இன்றும் லூப் ரோடு என்று தனியாகத் தெற்கே வளைந்து கிடக்கிறது.

இவ்வளவு சொந்த லாபக் கணக்கு இருந்தும் ரோடு முடிந்தது. 1926-ல் மாநில சாலைத் துறை எடுத்துக்கொண்டது, 1928 ஏப்ரலில் திறந்தார்கள். செலவு 80 லட்சம் டாலர் என்பார்கள். எப்படி முடிந்தது என்று பாருங்க, வேலை முறையில்தான் பதில் இருக்கு.

முதலில் மரமும் கோரையும் வெட்டும் கோஷ்டி, இடுப்பளவு தண்ணீரில். பின்னால் தண்டவாளத் துண்டுகள் மேல் நகரும் துளை இயந்திரம். சுண்ணாம்புப் பாறையில் வரிசையாகக் குழி போடும். குழிக்குள் டைனமைட். மாட்டு வண்டியில்தான் பெட்டி வரும், வேறு எதுவும் அந்தச் சேற்றில் உருளாது. மொத்தம் 25 லட்சம் குச்சிக்கு மேல் போனது. வெடித்த பாறையை டிரெட்ஜர் அள்ளி ஒரு பக்கம் கொட்டும். அள்ளிய பள்ளம் கால்வாய், கொட்டிய குவியல் ரோடு. தண்ணீரில் மிதக்க முடியாத, தரையில் ஓட முடியாத இடத்துக்கு நடக்கும் டிரெட்ஜர். பே சிட்டி கம்பெனி செய்த அப்படி ஒன்று இன்றும் கோலியர்-செமினோல் பூங்காவில் நிற்குது. வெட்டிய பள்ளத்தின் இரண்டு கரையிலும் கால் ஊன்றி, உடம்பைத் தூக்கி முன்னே வைக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒண்ணு. மேலே இருந்த பீட் மண்ணை ரோட்டுக்கு அடியில் விடக்கூடாது. விட்டால் கல் எடையில் அது பிதுங்கி, ரோடு அலை அலையாக உட்காரும். பாறையைப் பாறை மேல் உட்கார வைத்த இடமெல்லாம் இன்றும் நிற்குது. அரசியல் அழுக்கா இருந்தாலும் வேலை சுத்தமா நடக்கலாம்; கோலியருக்கு ரோடு முடிஞ்சாத்தான் நிலத்துக்கு விலை. டிஸ்டனுக்கும் போல்ஸுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

மதகுக்காரன்

ஜல்லி_தார் தம்பி, என் வாதத்தை உடைக்கவில்லை, முட்டுக் கொடுத்திருக்கிறாய். முடித்தபிறகு பலன் வரும் ஏற்பாடு என்றால் வேலை முடியும்; முன்கூட்டியே பலன் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றால் முடியாது. நான் கேட்டதே அதுதான்.

புரோவர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நெப்போலியன் போனபார்ட் புரோவர்ட், 1905 முதல் 1909 வரை கவர்னர், கியூபாவுக்குத் துப்பாக்கி கடத்திய கப்பல்காரர். அவரைச் சும்மா கோமாளியாக்கி எழுதுகிறார்கள். ரயில் கம்பெனிகளுக்குச் சட்டமன்றம் வாக்குக் கொடுத்திருந்த நிலம், மாநிலத்திடம் இருந்ததைவிட அதிகம். முந்தைய கவர்னர் ஜென்னிங்ஸும் இவரும்தான் "இந்தச் சதுப்பு வடிகாலுக்கான அறக்கட்டளைச் சொத்து, ரயிலுக்குத் தர முடியாது" என்று நின்றவர்கள். ஏக்கருக்கு 5 சென்ட் வடிகால் வரி போட்டார். பெரிய நிலக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, 1906-ல் வாக்காளர்களும் அதற்கான அரசியல் சட்டத் திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். வரி கிடைத்திருந்தால் போல்ஸிடம் போயிருக்க மாட்டார்கள்.

கரையடி_வாசகன்

தோழர்களே, இவ்வளவு நேரம் டாலரும் அங்குலமும். செத்தவர்களை யாரும் எண்ணவில்லை.

ஒக்கிசோபி ஏரியின் தென்கரையில் விவசாயத்தைக் காக்க 5, 6 அடி உயரத்துக்குப் பீட் மண்ணும் சேறும் சேர்த்துக் கரை போட்டார்கள். ஏரி 730 சதுர மைல், சராசரி ஆழம் வெறும் 9 அடி. ஆழமில்லாத ஏரியில் புயல் காற்று அடித்தால் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் சாயும். ஆழமான ஏரியில் அடியில் திரும்பி ஓட இடம் இருக்கும், இங்கே இல்லை. 1926 செப்டம்பர் புயலில் மூர் ஹேவன் ஊரின் கரை உடைந்து நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் ஏரி ஏறிக்கிடக்கிறது, இறக்குங்கள் என்று கரையோர ஊர்கள் கேட்டபடி இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து 1928 செப்டம்பர் 16. வடகாற்று ஏரியைத் தென்கரை மேல் தூக்கிப் போட்டது. குறைந்தது 2,500 பேர். முக்கால்வாசிப் பேர் கறுப்பினக் கூலிகள், பலர் பஹாமாஸிலிருந்து அறுவடைக்கு வந்தவர்கள். வெஸ்ட் பாம் பீச்சில் வெள்ளையருக்குச் சவப்பெட்டி, வேறொரு இடுகாடு. கறுப்பர்கள் 674 பேர் ஒரே குழியில், பெயர்ப்பலகை இல்லாமல். போர்ட் மயாக்காவில் சுமார் 1,600 பேரைப் புதைத்தார்கள்.

சரிவு_அங்குலம் "மண் இறங்கும்" என்றார். கரையும் அதே மண்தான். கரை உட்கார உட்கார, அதற்குப் பின்னால் வயலும் உட்கார்ந்து கிண்ணம் போலாகி, உடைந்தால் தண்ணீர் நிற்கும் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. அந்தக் கிண்ணத்தின் அடியில் கொட்டகை போட்டுக் குடியிருந்தது யார் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். இதைக் கணக்குப் பிழை என்றும் சொல்ல மாட்டேன், கஜானாப் பிழை என்றும் சொல்ல மாட்டேன்.

சரிவு_அங்குலம்

ஒப்புக்கொள்கிறேன் தோழர், கிண்ணம் என்பது சரியான விவரணை. தொழில்நுட்பமாக ஒன்று சேர்க்கிறேன்: 1930-ல் ஒன்றியச் சட்டம் வந்து ராணுவப் பொறியாளர் படை ஏரியைச் சுற்றி ஹூவர் கரையைக் கட்டியபோது உயரம் பிரச்சினையைத் தீர்த்தார்கள், கசிவைத் தீர்க்கவில்லை. அருகில் கிடைத்த சரளை, சிப்பி, சுண்ணாம்பு, மணல் எல்லாம் போட்ட கரை. ஏரி உயர்ந்து நின்றால் அடி வழியாக நீர் புகுந்து மறுபக்கம் ஊற்றெடுக்கும், மண்ணைக் கூடவே இழுத்து வரும். குழாய் மாதிரி உள்ளே துவாரம் வளர்ந்து ஒரு நாள் கரை உட்காரும். அதற்கு நடுவில் தடுப்புச் சுவர் இறக்கி, பழைய குழாய் மதகுகளை மாற்றி, 2023 ஜனவரியில்தான் முடித்தார்கள். 180 கோடி டாலர். கரையின் மொத்த நீளம் 143 மைல்.

இதே போல் கிழக்கே உப்பு. கடலோரப் பாறை மேட்டை வெட்டிக் கால்வாயைக் கடலில் திறந்துவிட்டதும் மயாமி பக்கம் நிலத்தடி நன்னீர் மட்டம் இறங்கியது. ஏட்டுக்கணக்குப்படி நன்னீர் ஓர் அடி இறங்கினால் அடியில் உப்பு எல்லை 40 அடி ஏறும். கிணறுகள் உப்பானபிறகுதான் கால்வாய் வாயில் தடுப்பு மதகு என்ற புத்தி வந்தது.

மதகுக்காரன்

ஜல்லி_தார், உன் சுத்தமான வேலைக்கு வருகிறேன். கால்வாயை வடக்கே வெட்டி, பாறையைத் தெற்கே குவித்தார்கள். எவர்கிளேட்ஸில் தண்ணீர் போவது வடக்கிலிருந்து தெற்கே, 40 மைலுக்கு மேல் அகலமான விரிப்பாக. நீ கட்டியது ரோடா, அணையா?

ஜல்லி_தார்

இரண்டும்தான், மறுக்கலையே. ஆனா 1928 ரோட்டை மட்டும் சொல்லிட்டுப் போனால் அரை உண்மை. 1947-ல் இரண்டு புயல், தென்கிழக்கு முழுக்க முழுகியது. 1948-ல் ஒன்றிய அரசு வெள்ளத் தடுப்புத் திட்டம் கொண்டு வந்து, மேலே பெரிய நீர்த்தேக்கப் பகுதிகளைக் கரை கட்டி அடைச்சாங்க. 1960களில் ரோட்டையொட்டி எல்-29 என்ற கரையும், எஸ்-12 என்ற மதகுகள் நாலும். அதுக்கப்புறம் தண்ணீர் எங்கே, எப்போ போகணும் என்பதை மதகு முடிவு பண்ணுச்சு. அதுவும் பழைய ஆழமான பள்ளம் கிழக்கே இருக்க, மதகு மேற்கே.

கிழக்குப் பகுதி 10.7 மைலில் ரோட்டுக்கு அடியில் 19 இடத்தில் மொத்தம் 55 குழாய். குழாய் வழியா போகும் தண்ணீர் வாயில் மட்டும் வேகமா பாய்ந்து குழி பறிக்கும், குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் வறட்சி. அதிகம் தள்ளணும்னா வடக்கே நீர்மட்டத்தை ஏத்தணும். அங்கேதான் சிக்கல்.

சரிவு_அங்குலம்

அந்தச் சிக்கலை விரித்துச் சொல்லுங்கள். 7.5 அடி வரம்பு பலருக்குத் தெரியாது.

ஜல்லி_தார்

ரோட்டுக்கு வடக்கே ஓடும் எல்-29 கால்வாயில் நீர்மட்டம் 7.5 அடிக்கு மேல் போகக்கூடாதுன்னு ரொம்ப நாள் கட்டுப்பாடு. ரோட்டைக் காப்பாத்தத்தான். சுண்ணாம்புக் கல் அடுக்கு ஈரமானா தாங்கும் சக்தி பாதிக்கு மேல் போயிடும். மேலே லாரி போகும்போது அடுக்குக்குள்ளே இருக்கும் தண்ணீர் அழுந்தி நுண்துகளோட விரிசல் வழியா வெளியே பீச்சும். துகள் போன இடம் காலி, அடுத்த லாரிக்குத் தார் உள்வாங்கும். இரண்டு சக்கரத்தடம் முதலில் போகும், அப்புறம் ஓரம் உடையும். அதனால ரோடு நனையாம இருக்க, தெற்கே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா காஞ்சுது. அப்புறம் வரம்பை 8.5 அடிக்கு ஏத்தினாங்க. பாலமும் மேடாக்கிய ரோடும் வந்தபிறகு.

மதகுக்காரன்

பாலம் 2013-ல் ஒரு மைல், 2019-ல் மேற்கே இன்னும் 2.3 மைல். 10.7 மைலில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை ஏன் பாலமாக்கவில்லை என்றால் பதில் மறுபடியும் கஜானா.

ஜல்லி_தார்

கஜானா மட்டும் இல்லைண்ணே. ரோட்டோரம் மிக்கோசூக்கி பழங்குடி முகாம்கள் இருக்கு, ஏர்போட் (விசிறிப் படகு) நிலையங்கள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இறங்குபாதை. கிழக்கே கரைக்கு வெளியே எட்டரை சதுர மைல் குடியிருப்பு. வடக்கே மட்டம் ஏறினா அவங்க வீட்டுக்குக் கீழே ஊற்று வரும், அதுக்குத் தனிக் கரை, தனி பம்பு. பாலத்தை நீட்டிட்டு மட்டத்தை ஏத்த முடியலைன்னா பாலத்துக்குக் கீழே பழைய அளவு தண்ணீர்தான் போகும்.

மீதி மைல்களில் ரோட்டை உயர்த்திக் குழாய்களைப் பெரிசாக்கும் வேலையைத்தான் கையில் எடுத்தாங்க. பாலத்திலேயும் ஒரு வேலையை விட்டுடக் கூடாது: போக்குவரத்தைப் பாலத்துக்கு மாத்தினதும் பக்கத்தில் இருக்கும் பழைய கரையைச் சுத்தமா அள்ளி, அடிப்பாறை மட்டத்துக்கு விடணும். ஒரு மைல் பாலத்தில் எடுத்தாங்க. அள்ளாம விட்டா பாலம் தூண்மேல் நிற்கும், தண்ணீர் 1928 குவியலில் முட்டிக்கிட்டு நிற்கும்.